இல்லாத சாமிக்குக் கட்டுப்பட்டவர்

கடவுள் இல்லை என்று சொல்கிறவர்கள் பொதுவாக அதைச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவர் போகமாட்டார். சொல்லிவிட்டு அங்கேயே குந்தி, எதிராளி என்ன பதில் சொல்லப்போகிறார் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் கெட்டிக்காரத்தனமாக இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பதில் மொக்கையாக இருந்தால் அவருக்குத்தான் கோபம் வரும். "இன்னாய்யா, இத்தினி வருசமா சாமி கும்புடறே, இத்தக்கூட சரியா சொல்லத் தெர்லியா ஒனக்கு?" என்று எதிராளிக்காக அவரே வருத்தப்படுவார். சில நாள் பொறுக்கமுடியாமல், "இப்டி சொல்லிருக்கணும்பா நீ" என்று சாமி பக்கத்து வாதத்தையும் அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

நாங்கள் குடியிருந்தது திருவொற்றியூரில், ரயில் பாதைக்கு மேற்கே, ஹவுசிங் போர்டு குடியிருப்பில். பின்னால் கால்வாய், முன்னால் தண்டவாளம். நெடுஞ்சாலைக்குப் போக ரயில் கேட் ஒன்றுதான் வழி. கும்மிடிப்பூண்டி வண்டிகள் போதாதென்று நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில்களும் அந்த வழியாகத்தான் ஊர்ந்து போகும். கேட் மூடிவிட்டால் ஆபீஸ் போகிறவர், ஆஸ்பத்திரி போகிறவர், மீன்கூடைக்காரி எல்லோரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் யாராவது தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்கும் வழக்கமே கிடையாது.

அவர் எனக்கு எதிர்வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எல்லோருக்கும் அவர் நைனா. நான் அப்போது முப்பதைத் தாண்டி, ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஒரு கூட்டத்தையே மேய்த்துக்கொண்டிருந்தேன். என்னை அவர் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, ஏற்றிய கையோடு சாமியை மறந்துவிடுகிற ரகம் நான். சண்டைக்கு லாயக்கில்லாத ஆள் என்று என்னை ஒதுக்கி வைத்திருந்தார். அதனாலேயே என்னிடம் மனசுவிட்டுப் பேசுவார்.

"நான் தெனம் மேல ஏறித்தான் எறங்கறேன் பாப்பா. அங்க நான் மட்டுந்தான் குந்திகினு கீறேன், வேற எவனையும் காணம்" என்பது அவருடைய பழைய ஜோக். ஏறிவிட்டால் ஷிப்டு முடிகிறவரை அந்தக் கண்ணாடிக் கூண்டுதான் அவருக்கு உலகம். காலுக்குக் கீழேயும் கண்ணாடி. குனிந்தபடியே இருந்து கழுத்து நிரந்தரமாக முன்னால் வளைந்துவிட்டது. கீழே நிற்கிற ஆட்களுக்கு அவர் முகம் தெரியாது. கையைக் காட்டினால் மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கையில்தான் கையைக் காட்டுவார்கள். "மெய்யாலுமே நான் கீறேன், அத்தொட்டு அவங்க நம்பிக்கை சரியாப் பூட்ச்சு. காலியா கீற கூண்டப் பாத்து அதே மாறி கையக் காட்னா இன்னா ஆவும்? அத்த எவனும் யோசிக்க மாட்றான்" என்பார். யோசித்து யோசித்து அவர் மட்டும் மெலிந்தார்.

அவருடைய மனைவி, மகள் செல்வி சின்னக் குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் இறந்துவிட்டார். அந்தத் துக்கத்தில்தான் சாமியை விட்டார் என்று குடியிருப்பில் ஒரு கதை உண்டு. அதைக் கேட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அவ உயிரோட கீறப்பவும் நான் இல்லேன்னுதான் சொன்னேன். அவளக் கேட்டாலும் சொல்லுவா" என்பார். சொன்ன பிறகுதான், இனிமேல் அவளைக் கேட்க முடியாது என்பது ஞாபகம் வரும். பேச்சை மாற்றி டீ சொல்லுவார்.

செல்வி அப்படியே நேரெதிர். எந்தச் சாமியையும் விட்டுவைக்கமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மூலைக் கோயில் பூசாரியிடம் குங்குமம் வாங்கி வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறும்போது தாவணி முனையால் துடைத்துவிடுவாள். பாதி துடைத்தும் பாதி துடைக்காமலும் நெற்றி சிவந்திருக்கும். அவர் அதைப் பார்த்ததே இல்லை என்பது போலத் தட்டில் சோற்றைப் போடுவார். "கேட்டா அவ பொய் சொல்லணும். பொய் சொல்லவெச்சு இன்னாத்துக்கு எனக்கு பகுத்தறிவு?" என்று என்னிடம் சொன்னார். வளர்ந்த பிறகும் அந்தப் பெண்ணுக்கு ஒரே குறைதான். சாமி முன்னால் அப்பா தன் பக்கத்தில் ஒரே ஒரு நாள் கூட நின்றதில்லை.

ஒருமுறை தேரடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆன்மிகச் சொற்பொழிவு. என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். மேடையில் இருந்தவர் நன்றாகவே பேசினார். இது கடவுள் இல்லை, அது கடவுள் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் தள்ள முடியாமல் மிஞ்சுகிறதே, அதுதான் கடவுள் என்றார். இவர் எழுந்துவிட்டார். நான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"ஐயா, அல்லாத்தையும் தள்ளிப் பாத்துட்டு ஒண்ணுமே மிஞ்சலேன்னா?"

மேடைக்காரர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் மிஞ்சலேன்னு பாக்கறது யாருங்க?" என்று கேட்டார்.

கூட்டம் கைதட்டியது. இவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சோக்கா மடக்கிட்டான் பாப்பா" என்றார். அடுத்த வாரம் முழுக்கப் பல் துலக்கும்போதுகூட அந்தக் கேள்வியை மென்றுகொண்டிருந்தார். கடைசியில், "பாக்கறது நான். நான் பாக்கறேன்றதால நான் சாமியாய்டுவனா? இத்த அங்கியே சொல்லாம வந்துட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் சொற்பொழிவுக்காரர் எந்த ஊரில் இருந்தாரோ.

அவருக்குச் சரியான ஜோடி தண்டையார்பேட்டையில் தார்ப்பாய்க் கடை வைத்திருந்த பாய்தான். இருவரும் சின்ன வயது தோஸ்துகள். "உருவமே கெடையாதுன்றேன் நானு. உருவம் இல்லாததும் கெடையாதுன்றே நீ. பாதி தூரம் ஒண்ணாத்தானே வர்றோம், குந்துப்பா" என்று பாய் ஸ்டூலை இழுத்துப்போடுவார். ஒருநாள் பாய் ஒரு கணக்கு சொன்னார். யாரோ வெள்ளைக்காரர் போட்ட கணக்காம். சாமி இருக்கு என்று நம்பி, அப்புறம் இல்லாமல் போனால் நமக்கு ஒன்றும் நட்டமில்லை. நம்பாமல் இருந்து, சாமி இருந்துவிட்டால் தொலைந்தோம். அதனால் நம்பிவிடுவதுதான் லாபம். நைனா அதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார். "நம்பறதுல நட்டமே இல்லேன்னு எவன்யா சொன்னான்? கட்டுப்பட்டுப் பாத்துகிறானா அவன்?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட ஆளை எங்கள் குடியிருப்பு ஏன் தலையில் வைத்துக்கொண்டு கூத்தாடியது என்றால், அதற்கும் காரணம் இருந்தது. ஒரு சாயங்காலம் எங்கிருந்தோ கேஸ் நெடி கிளம்பி, கண்ணும் தொண்டையும் எரிந்து, மொத்த ஜனமும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரயில் கேட்டுக்கு ஓடியது. கேட் மூடியிருந்தது. முன்னே போக முடியாது. பின்னால் நெடி. பெண்கள் அம்மனைக் கூப்பிட்டு ஓலமிட்டார்கள். அவர் ஒரு வாளித் தண்ணீரையும் கிழிந்த வேட்டியையும் வைத்துக்கொண்டு, "சாமிய அப்பால கூப்புடு, மொதல்ல மூக்கப் பொத்து" என்று ஒவ்வொருவர் கையிலும் ஈரத்துணியைத் திணித்தார். எல்லோரும் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவர் தாண்டினார். அன்றிலிருந்து அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. சாமி விஷயம் ஒன்றைத் தவிர.

மூலைக் கோயில் அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழா. முதல் நாள் ஒருவர் மஞ்சள் நூல் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியவர் காப்பு இறக்குகிற வரைக்கும் எல்லையைத் தாண்டக்கூடாது. மேற்கே கால்வாய், கிழக்கே ரயில் கேட், அதுதான் எல்லை. தாண்டினால் திருவிழா முறிந்தது, அம்மன் முகம் திருப்பிக்கொண்டாள் என்று அர்த்தம். அந்த வருஷம் யார் கட்டிக்கொள்வது என்பதில் முன் பிளாக்குக்கும் பின் பிளாக்குக்கும் தகராறு வந்து ஒரு பையன் மண்டை உடைந்தது. போலீஸ் வரும், கோயிலைப் பூட்டிவிடும் என்ற நிலைமை. அந்தச் சமயத்தில் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு அம்மை வேறு போட்டிருந்தது. திருவிழா நின்றுபோனால் என்ன ஆகுமோ என்று பெண்கள் பயந்துபோயிருந்தார்கள்.

அப்போதுதான் பூசாரி அந்த யோசனையைச் சொன்னார். "நைனா கட்டிக்கட்டும். அவுருக்கு முன் பிளாக்கும் இல்ல, பின் பிளாக்கும் இல்ல. அம்மனே இல்லேன்றாரு, அப்பால அவுருக்கு இன்னா ஆசை கீது இதுல?"

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. இவரும் ஒத்துக்கொண்டார். "ஒரு நூலு. அத்தக் கட்டிகினா உங்க அடிதடி நிக்கும்னா கட்டு. எனக்கு இன்னா நட்டம்?" என்று கையை நீட்டினார். பாய் கடையில் கேட்டுச் சிரித்தாரே, அதே கணக்கை இப்போது தானே போடுகிறார் என்பது எனக்கு உறைத்தது. அவருக்கு உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கட்டிக்கொண்டார்.

முதல் சில நாட்கள் வேடிக்கையாகப் போயின. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே உட்கார்ந்து பூசாரியோடு விவாதம் செய்தார். கூழ் நன்றாயிருக்கிறது என்றார். கேட்டின் அந்தப் பக்கமிருந்து பாய் வந்து கையைக் கட்டிக்கொண்டு, "எப்டிக்கீறே நைனா, உள்ள தள்ட்டாங்களா?" என்று கேலி பேசினார். அவரும் சிரித்தார். ஆனால் சாயங்காலங்களில் கேட்டருகே போய் நின்று, திறந்து மூடுகிற அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "எப்பவும் இங்கதான் கீறோம். போக்கூடாதுன்னு சொன்னப்பறம்தான் போணும் போலக் கீது" என்று என்னிடம் சொன்னார்.

செல்வி அப்போது மாத்தூரில் புருஷன் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம். அப்பா வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். இங்கே அம்மை போட்டிருக்கிறது, நீ வரவேண்டாம் என்று அவர்தான் தடுத்து வைத்திருந்தார். மருமகன் ட்ரெய்லர் ஓட்டுபவன். மாமியார் கிடையாது. தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் போன் அடித்தது. செல்விக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி வலிப்பு வந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், மருமகன் எண்ணூரில் துறைமுக வாசலில் கன்டெய்னர் வண்டிகளின் வரிசைக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறான், வண்டியை முன்னேயும் எடுக்க முடியாது பின்னேயும் எடுக்க முடியாது. இரண்டு உயிரில் ஒன்றாவது தேறுமா என்றே சொல்ல முடியவில்லை என்றார்களாம். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார். நான் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கேட் மூடியிருந்தது. நிலக்கரி வண்டி ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. அது போய்முடிவதற்குள் குடியிருப்பே அங்கே கூடிவிட்டது.

முன் பிளாக்குக்காரர்கள் போகட்டும் என்றார்கள். பின் பிளாக்குக்காரர்கள், போனால் திருவிழா முறிந்தது, அப்புறம் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பூசாரி மட்டும் அவர் அருகில் வந்து மெதுவாக, "நூல அறுத்துட்டு கெளம்பு நைனா. அவ கோவம் வந்தா என்மேல வர்ட்டும். நான்தான கட்டுனேன்" என்றார். அந்த மனுஷனை நான் அன்றைக்கு மனசாரக் கும்பிட்டேன்.

நைனா நூலில் விரலை நுழைத்தார். அப்போதுதான் அம்சா வந்தாள். கீழ்வீட்டுப் பெண். இட்லிக் கடை வைத்திருந்தாள். தோளில் அவள் குழந்தை, உடம்பெல்லாம் கொப்புளம், துணிக்குள் வேப்பிலை. ரெண்டு நாளாகக் காய்ச்சல் இறங்காமல் அந்தக் குழந்தை கண்ணே திறக்கவில்லை. டாக்டரும் பார்த்து மருந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நைனாவைப் பார்த்து அம்சா கத்தவில்லை, அழவில்லை.

"தாண்டாத நைனா. உனக்கு அது நூலு. எனக்கு இது புள்ள."

"அம்சா, அங்க என் பொண்ணு கெடக்குறா. இந்த நூலால ஒண்ணும் ஆவாதும்மா. நான் போனாலும் உன் கொயந்த பொயக்கும். சத்தியமா சொல்றேன்."

"யாரு மேல சத்தியம் பண்றே நைனா?" என்று கேட்டாள் அம்சா.

அவள் மடக்கவேண்டும் என்று கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். யார் மேல் சத்தியம் செய்தால் நம்பலாம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நூலிலிருந்து விரலை உருவிக்கொண்டார். வண்டி போய்விட்டது. கேட் மேலே ஏறியது. எதிரே சாலை திறந்து கிடந்தது. அவர் கால் எடுத்து வைக்கவில்லை.

நான் அவரைத் திட்டினேன். தெருவில் நின்று, வாயில் வந்தபடி. "இல்லாத சாமிக்குப் பயந்துகினு பெத்த பொண்ண வுட்ருவியா நைனா? ஊரையெல்லாம் கேள்வி கேட்டியே, இப்ப எங்க போச்சு அந்த வாயி?" என்று கத்தினேன்.

"சாமிக்கு இல்ல பாப்பா. நான் போயி, இந்தக் கொயந்தைக்கு ஏதாச்சும் ஆய்டிச்சுன்னா, அம்சா ஆயுசுக்கும் நான்தான் கொன்னேன்னு நெனப்பா. இல்லேன்னு அவளுக்கு எதால காட்டுவேன் நானு? நீ போ. எனக்கு பதிலா நில்லு" என்றார். என் தோளைப் பிடித்துத் தள்ளியே விட்டார்.

ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது செல்வியை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். வீங்கிய முகத்தில் கண்கள் மட்டும் என்னைத் தாண்டி யாரையோ தேடின. "நைனா?" என்றாள். "கேட்டு போட்டுட்டான்டி, வந்துகினே கீறாரு" என்றேன். அந்தப் பொய்யை அவள் நம்பினாள். திருவொற்றியூர்க்காரி நம்பாமல் இருப்பாளா. கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே நின்று என் சாமிகளை எல்லாம் ஒன்றுவிடாமல் கூப்பிட்டேன். நடுநடுவே அவர் போன் செய்வார். ரயில் ஹாரன் மட்டும் கேட்கும். கேட்டை விட்டு நகரவே இல்லை என்று புரிந்தது. இருட்டும் நேரத்தில் பெண் குழந்தை, தாய்க்கும் ஆபத்து நீங்கியது என்றார்கள். போனில் அதைச் சொன்னேன். "ம்" என்றார்.

அம்சாவின் குழந்தைக்கும் அடுத்த நாள் காய்ச்சல் இறங்கி, கண்ணைத் திறந்து பிஸ்கட் கேட்டது.

இரண்டு உயிரும் பிழைத்ததில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் இருக்க முடியாது. ஆனால் அதோடு அவர் வாதத்தின் கதை முடிந்தது. குடியிருப்பு கொண்டாடியது. நம்பாதவனையே கட்டிப்போட்டு நிற்கவைத்து, அங்கே ஒரு குழந்தையையும் இங்கே ஒரு குழந்தையையும் கொடுத்தாள் பார் என்று அம்மனுக்குப் பட்டுப்புடவை சாத்தினார்கள். இவருக்கு மாலை போட்டார்கள். கழுத்து வளைந்த மனுஷன், மாலையோடு இன்னும் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் செய்த டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். "அந்த டாக்டரு கைல பூந்ததே அவதான் நைனா" என்று பதில் வந்தது. வாதத்துக்கு இடமே இல்லாமல் எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டார்கள்.

காப்பு இறக்கிய அன்றே ஆட்டோ பிடித்து மாத்தூருக்குக் கிளம்பினோம். செல்வி அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தாள். வழியில் மணலிப் பக்கம் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நின்றுவிட்டது. நூல் இல்லாத மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்.

"கேட்டாண்ட நிக்கும்போது அல்லாரும் என்னிய சாமிகிட்ட வேண்டிக்கச் சொன்னாங்க பாப்பா. வாய் வரைக்கும் வந்துச்சு. நான் கேக்கல."

"ஏன் நைனா?"

"கேட்டு, அவ பொயச்சுட்டான்னா, அப்பால நான் எப்டி இல்லேன்னு சொல்றது? அத்த நெனச்சுதான் வாய மூடிகினேன். என் கொயந்த அங்க சாவக் கெடக்குறா. நான் இங்க நின்னுகினு பேச்சுல ஜெயிக்கிறதப் பத்தி ரோசன பண்ணிகினு கீறேன். ஒரு அப்பன் செய்ற வேலையா இது?"

ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரரைத் திட்டினேன்.

செல்வி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே தயங்கி நின்றார். வராமல் போனதற்கு அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவர். அவள் முகமோ மலர்ந்திருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"நைனா, எனக்கோசரம் வேண்டிகினியாமே? கேட்டாண்டயே நின்னு அம்மனக் கெஞ்சினியாமே? அம்சாக்கா போன் பண்ணி அல்லாத்தையும் சொல்லிச்சு."

அம்சா பொய் சொல்லவில்லை. அசையாமல் நின்ற மனுஷனைப் பார்த்து, வேண்டிக்கொள்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இல்லை என்று சொல்வது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆயுள் முழுக்க அதைத்தான் சொன்னார். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஆமாம்மா" என்றார்.

செல்விக்குக் கண்ணில் நீர் தளும்பியது. "வர்லியேன்னு மொதல்ல அழுதேன் நைனா. அப்பால அம்சாக்கா சொன்னதும் போதும்னு ஆய்டிச்சு. என் வாழ்க்கைல நீ கேட்டதே இல்லியே. இன்னான்னு கேட்டே? எங்க, சொல்லு."

"இன்னாத்துக்குமா அதெல்லாம்."

"சொல்லு நைனா. நான் கேக்கணும்."

தப்பிக்க வழியில்லை. அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் அவள் மாட்டியிருந்த அத்தனை சாமி படங்களில் எதையும் பார்க்காமல் குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி ஆரம்பித்தார்.

"தாயே... என் கொயந்த அங்க தனியா கெடக்குது. நான் இங்க மாட்டிகினு கீறேன். என்னால போவ முடில. நீ இருந்தா போ. நான் போவ முடியாத எடத்துக்கு நீ போ. போயி அவ பக்கத்துல நில்லு."

"அப்பக்கூட 'இருந்தா'ன்னுதான் கேட்டியா நீ!" செல்வி அழுகையோடு சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. அந்த வார்த்தைகளை அன்றைக்கு கேட்டருகே அவர் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த அறையில்தான் முதல்முறையாகச் சொல்கிறார் என்பதும் தெரியும். அவளுக்காகக் கட்டிச் சொல்லும் பொய் என்றுதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் குரல் போகப் போக உடைந்தது. என் புள்ளயக் குடுத்துடு, அவங்கம்மா மாறி இவளையும் எடுத்துக்காத, நான் வாய மூடிகினு நிக்கிறேன்னு கண்டுக்காம பூடாத, என்று வந்துகொண்டே இருந்தது.

"போதும் நைனா" என்றாள் செல்வி, பயந்துபோய். "எனக்கு ஒண்ணும் ஆவலயே, இதோ நல்லாத்தானே கீறேன். போதும், கொயந்த எய்ந்துக்கும்."

அவர் நிறுத்தவில்லை.